நான்கு போல்ட்

மார்ச் 4, செவ்வாய்

என் கையெழுத்தோடு வெளியே போன முதல் வரைபடம்: பள்ளிக்கூடத்தின் இரண்டு கட்டடங்களை மாடியில் இணைக்கும் இரும்பு நடைபாலம். பட்டறையில் வெட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். கணவர் கேக் வாங்கி வந்தார். "இன்னும் பாலமே நிக்கல, அதுக்குள்ளயா?" என்றேன். "நீ நிக்கறியே, போதும்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

வேறொரு வேலைக்காக அந்தப் பாலத்தின் கணக்கைக் கணினியில் திறந்தேன். உத்திரத்தின் இரு முனைகளும் அசையாத பிடிப்பு என்று கொடுத்திருக்கிறேன். வரைபடத்தில் போயிருப்பதோ முனைக்கு வெறும் நான்கு போல்ட். பாரம் ஏறினால் முனை திரும்பும். கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். எட்டு மில்லிமீட்டர் தொய்வு நாற்பது ஆனது. பச்சையாக இருந்த உத்திரம் திரையில் சிவப்பு.

சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை — அப்படியென்றால், நான் சொல்லாமலே விட்டால்?

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

காலையில் மகளின் பையைத் தூக்கிக் கொடுத்தேன். என்ன கனம்! இப்படி நூறு பிள்ளைகள், மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக அந்தப் பாலத்தில்... நேராக மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னிக்குத் தெரிஞ்சது?"

"முந்தாநாள்."

"அப்ப நேத்து?"

திருத்திய கணக்கின் தாளை அவர் முன் வைத்தேன்.

"சரி. முதல்ல பட்டறைக்குப் போனைப் போடு. நேத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மார்ச் 13, வியாழன்

பட்டறைக்குப் போனேன். ஃபோர்மேன் காய்ச்சி எடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"பன்னெண்டு மீட்டருக்கு இவ்வளவு ஒல்லி உத்திரம், நாலே போல்ட்டு. பாத்தப்பவே உறுத்துச்சு மேடம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு கேக்கறா? போன வருஷம் ஒண்ணு சொன்னேன். 'வரைஞ்ச மாதிரி செய்ங்க'ன்னுட்டாங்க உங்க ஆஃபீஸ்ல."

அப்படிச் சொன்னது நான்தான். அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். அவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

உத்திரத்தின் மேலும் கீழும் தகடு சேர்த்துப் பலப்படுத்தக் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "ஒரேயடியா வெல்டு இழுத்தா சூட்டுல வாழைப்பழமா வளைஞ்சிரும். விட்டு விட்டு, பக்கம் மாத்தி வைக்கணும்" என்றார். எழுதிக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

எட்டு நாள் தாமதமாகப் பாலம் ஏறிவிட்டது. மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தோம். புதுக் கணக்கு சொன்ன அளவுக்கு மேல் தொய்யவில்லை. இனி ஆறு மாதம் என் கையெழுத்தோடு மேலாளர் கையெழுத்தும் வேண்டுமாம். நியாயம்தான். ஆனாலும் அழுகை வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு கிடங்கின் கூரை வரைபடத்தைக் கையெழுத்துக்கு முன்பே பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஃபோர்மேன் பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். "இந்த மூலைக்குள்ள கையே போகாது. உங்க கம்ப்யூட்டர் வந்து வெல்டு வைக்குமா?" அதில் அவர் சொன்னது சரி. இன்னொன்றை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் கத்தினோம். வெல்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அந்த வட்டத்தை அவரே அழித்தார்.

கிளம்பும்போது கேட்டார்: "அடுத்ததை எப்ப எடுத்துட்டு வர்றீங்க?"