சோறு கெடாமல் காப்பது எப்படி

மார்ச் 5, திங்கள்

காலையிலிருந்து மழை. தகரக் கூரைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாலாம் வகுப்புக்குப் புது விஞ்ஞானப் பாடத்திட்டம் வந்துவிட்டது. முதல் பாடம்: உணவு ஏன் கெடுகிறது, கெடாமல் காப்பது எப்படி. செய்து காட்ட வேண்டுமாம். கேட்டிருப்பவை: கண்ணாடிச் சாடி, வெப்பமானி, பூதக்கண்ணாடி. இருப்பவை: மருந்துக் குப்பி ஒன்று, மூடி போட்ட கிண்ணம் ஒன்று.

வியாழன் கல்வி ஆபீசர் வருகிறார். அவர் நல்லபடி எழுதினால்தான் என் வேலை நிரந்தரம்.

யார் போட்ட திட்டமோ. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்ட்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று எஸ்டேட்டில் யார் வீட்டிலும் அரிசி வைக்க விடுவதில்லை. பொதுச் சமையலில் சோறாகத்தான் அளந்து கொடுக்கிறார்கள். சோறு என்றால் காடு போய்ச் சேருமுன் ஊசிவிடும், அதனால். இந்த நேரத்தில் இந்தப் பாடமா என்று பெரிய வாத்தியாரிடம் கேட்டேன்.

"திட்டத்துல இருக்கு, நடத்திருங்கம்மா. பேச்சு வெளிய போகாம பாத்துக்குங்க."

வகுப்புக்கு நாலு பக்கமும் ஜன்னல். எப்படிப் பார்த்துக்கொள்வதாம்.

என் பங்குச் சோற்றில் ஒரு பிடி கிண்ணத்தில் மூடி வைத்தேன்.

6, செவ்வாய்

கிண்ணத்தைத் திறந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. பாடம் நன்றாகத்தான் போனது. கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். அஞ்சலை எழுந்தாள். கெட்டிக்காரி.

"காய வச்சா கெடாது டீச்சர். எங்கம்மா சோத்து வடகம் போட்டு பொட்டியில வச்சிருக்கு. ஆறு மாசம் தாங்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு என்னை விட முந்திப் புரிந்திருந்தது.

"தப்பு. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்து அழுதாள். புத்தகத்தில் இருக்கும் விடை அதுதான்.

7, புதன்

வெயில். கீழ் லயத்து வீடுகளில் போலீஸ் சோதனை. லாரியில் இரண்டு பேரை ஏற்றிப் போனார்கள். மூன்று டப்பா பால் ஒளித்து வைத்ததற்கு, என்கிறார்கள்.

சாயங்காலம் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். தாய் மாரியாயி, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. வடகம் கட்டிய துணிமூட்டையைப் பெட்டியிலிருந்து அவளே எடுத்துக் காட்டினாள். "புள்ள பசிக்கு வச்சது டீச்சர்." ஒரு பிள்ளையின் பசிக்குக் கொஞ்சம் பெரிய மூட்டைதான். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். இன்றைக்கே இல்லாமல் பண்ணச் சொன்னேன். தலையாட்டினாள். செய்வாளா?

துணி துவைக்கவில்லை. தலைவலி.

8, வியாழன்

ஆபீசர் வந்தார். ரோடு மோசம் என்று துணைக்குப் போலீஸ் ஜீப். கார்ப்பரல் வாசலிலேயே நின்றுகொண்டான். மலாய்க்காரன், தமிழ் தெரியாது என்று நினைத்தேன். "தண்ணி இருக்கா தங்கச்சி?" என்று கேட்டான். மொண்டு கொடுத்தேன்; வகுப்பில் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரியும்.

நான் உப்பு மீனை வைத்துப் பாடத்தை ஓட்டினேன். ஆபீசருக்குப் போதவில்லை. எல்லாரையும் விட்டு அஞ்சலையை எழுப்பினார். மிஞ்சின சோறு கெடாமல் இருக்க வீட்டில் என்ன செய்வீர்கள்?

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒண்ணும் செய்ய முடியாது சார். கெட்டுப் போயிரும்."

இது கூடத் தெரியவில்லையே என்றார் ஆபீசர். 'ஆசிரியைக்கு விஞ்ஞானம் போதாது' என்று என் முன்னாலேயே எழுதினார். ஜீப் கேட்டைத் தாண்டும் வரை நின்று பார்த்தேன்.

மணி அடித்ததும் அஞ்சலை மேசையருகே வந்தாள். இன்றைக்கு விடை சரியா என்று கேட்டாள்.

சரி என்றேன்.