ஐந்து தடவை தெரியாது

பிப்ரவரி 3
வகுப்பில் சேர்ந்தாயிற்று. ‘புரோகிராமிங் மொழிகள்: கருத்துகளும் பாணிகளும்.’ பெயரைச் சொல்லவே மூச்சுப் பிடிக்க வேண்டும். ஆபீஸ் கிளார்க் இழுத்தான்: “நீங்க எட்டாங் கிளாஸ்தானே?” பல்கலைக்கழகப் பணியாளர் யாரும் ஒரு பாடம் படிக்கலாம் என்பது விதி. எட்டா பத்தா என்று எங்கே எழுதியிருக்கிறது? இந்தக் கட்டிடத்தில் ஓடும் கரண்ட் கம்பி அத்தனையும் நான் இழுத்தது. சரி, பாதி. வகுப்பில் அறுபது பேர். எண்ணினால் முப்பத்தொன்று, நாற்காலி அறுபது.

பிப்ரவரி 4
அக்கா மகளும் அதே வகுப்பு. “மாமா, உள்ள வந்தா என்னைத் தெரியாத மாதிரி இருங்க. ப்ளீஸ்.” தெரியாத மாதிரியா? ‘தெரியாது’ என்ற சொல்லே என் வாயில் வந்ததில்லை!

பிப்ரவரி 20
மேடம் புது வகை மொழி ஒன்றை ஆரம்பித்தார். அதில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு மாற்ற முடியாது. எழுந்து கேட்டேன்: “அப்ப மனுஷன் எப்படி மேடம் பிழைக்கிறது?” வகுப்பே உருண்டு சிரித்தது. அக்கா மகள் மட்டும் மேசைக்கு அடியில் பத்து நிமிடம் பேனா தேடினாள்.

மார்ச் 9
ரிகர்ஷன். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு, தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ஓடும். எங்கே நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் வாய் மாதிரிதான். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பிடித்துவிட்டேன் – லிஸ்ட் காலியானால் நில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 2
கேண்டீனில் பிளம்பர் சீண்டினான்: “என்ன ஹைவோல்டேஜு, மருமக எழுதறதைப் பாத்துக் காப்பியடிக்கிறியாமே?” விடுவேனா! “போடா! அவ ப்ராஜெக்டே நான் எழுதிக் கொடுத்தது. வரிக்கு வரி!” பக்கத்து மேசைக்காரர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 3
பக்கத்து மேசைக்காரர் மேடத்தின் உதவியாளராம்.

ஏப்ரல் 4
அக்கா போனில் கத்தினாள். “உன் வாய்க்குப் பூட்டே கெடையாதாடா? அவளுக்கு முட்டை போட்டா ஒரு வருஷம் போச்சுடா!” நாளை மறுநாள் விசாரணை. அக்கா மகள் என்னோடு பேசவில்லை. நான் என்ன, வேணும்னா சொன்னேன்? ஒரு பேச்சுக்கு – பேச்சுக்குத்தானே சொன்னேன்!

ஏப்ரல் 6
“சும்மா பீத்திக்கிட்டேன் மேடம். ஒரு வரி கூட என்னுது இல்ல.”
“இதுவும் சும்மா சொல்றதா?”
அக்கா மகளின் ப்ராஜெக்டைத் திரையில் போட்டார். எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஐந்து கேள்வி, ஒன்றுக்கு இரண்டு மார்க். “உங்க வாய்மொழித் தேர்வும் இதுதான். இன்னொண்ணு கெடையாது.”
முதல் நான்கும் சத்தியமாகத் தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே சொன்னேன். ஐந்தாவது: “இந்த ஃபங்ஷன் எங்க நிக்கும்?”
அக்கா மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
“தெரியாது மேடம். எழுதிக்குங்க.”
பெரிசாக்கியே பொய் சொல்லிப் பழகிய வாய். சின்னதாக்கிச் சொன்னால் இப்படியா வலிக்கும்? பிறகு அவள் ஐந்துக்கும் பொரிந்து தள்ளினாள்.

மே 18
அவளுக்கு எண்பத்தொன்று. எனக்கு முப்பத்தெட்டு. பாஸுக்கு நாற்பது.

மே 19
“எவ்ளோ?” என்றான் பிளம்பர்.
“முப்பத்தெட்டு. ஃபெயில்.”
“நீ சொல்றதே முப்பத்தெட்டுன்னா, நெஜத்துல பதினெட்டுதான்!” கேண்டீனே சிரித்தது. அக்கா மகள் எழுந்து வந்து, அத்தனை பேர் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாமா, ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன். நிரப்புங்க.”
ஆபீஸில் கிளார்க் கேட்டான்: “மறுபடியுமா?” எத்தனை தடவை என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டு என்றேன்.
‘முன்பு பெற்ற மதிப்பெண்’ என்று ஒரு கட்டம். 38 என்று எழுதினேன். மூன்றை எட்டாக்க ஒரு வளைவு போதும். பேனா கையில்தான் இருந்தது.
கொடுத்தால் கொடுத்ததுதான்.