கழுவாத கால்

இன்று காலை எதிர்வீட்டில் வெள்ளையடிப்பதற்காகச் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அது கொதித்துப் பொங்கி ஆவி கிளம்பியதும், வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசத்தில் சிநேகிதன் ஞாபகம் வரும். நமக்கு வாய்த்தது சுண்ணாம்பு. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. தோல் பதனிடும் ஷாப்பு வேலையை நானும் விட்டாயிற்று. ஆனாலும் அந்த நெடி பட்டால் கால் இரண்டும் தானாக எரிகிறது.

பத்து வருஷம் ஒரே குழியில் நின்றோம். முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோல்களை இழுத்துப் புரட்டிப் போடுவது நம் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கோயிலில்தான் ஞானஸ்நானம். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவேன். நீ உன் மகள் இறந்த நாளோடு கோயிலை விட்டாய். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, "ஒம்பது நாளு நவநாள் செபம் சொல்லு, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொன்னவன் நான். ஏழாம் நாள் அவள் போய்விட்டாள். நீ என்னைத் திட்டவில்லை. "ஒங்க சாமிக்கு ஏழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்போல" என்றாய். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அதன் பிறகு தினமும் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது அதே கேள்வி. "ஏலே அப்பு, நீ இன்னும் அவரப் புடிச்சுக்கிட்டு இருக்கியே, அதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லு. அம்புட்டுத்தான் கேக்குறேன்." நானும் உபதேசியார் சிறுவயதில் கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒப்பித்துப் பார்த்தேன். நீ வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஊதித் தள்ளினாய். எனக்கு வாதம் பண்ண வராது. அது உனக்கும் தெரியும்.

பெரிய வியாழன் உனக்கு ஞாபகம் இருக்கும். சேசுநாதர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுவார். எப்போதும் கடைக்காரர்கள், வாத்தியார்கள் கால்தான். அந்த வருஷம் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டதால் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். வெந்து வெடித்த பாதத்தோடு, அந்த நாற்றத்தோடு எப்படிப் போய் உட்காருவது? மத்தியானம் முழுக்கச் செங்கல்லால் தேய்த்தேன். புளி, எலுமிச்சம்பழத் தோல், ஒன்றையும் விடவில்லை. நீ வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "போ, போ. சாமியாரு மூக்கப் பொத்துறாரா இல்லையான்னு நான் வந்து பாக்குறேன்" என்றாய். சொன்னபடியே வந்து கோயில் வாசல்படியில் நின்றாய்.

என் முறை வந்து தண்ணீர் ஊற்றியதும் காலுக்கடியில் வைத்த தட்டு சிவந்துவிட்டது. தேய்த்த தேய்ப்பில் வெடிப்பெல்லாம் திறந்துகொண்டிருந்தது. சாமியார் நிமிர்ந்து, "என்ன வேலை?" என்றார். "தோல் ஷாப்புல, சுண்ணாம்புக் குழியில, சாமி" என்றேன். மற்றப் பதினோரு பேருக்கும் வலது கால் மட்டும்தான். என்னிடம், "அந்தக் காலையும் குடுங்க" என்றார். குடுங்க என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் வெள்ளை அங்கியில் என் ரத்தம் பட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

திங்கட்கிழமை குழிக்குள் இறங்கியதும் நீ ஆரம்பித்தாய். "கழுவுன காலத்தான அவரு கழுவுனாரு? நாளைக்கு இங்க வந்து செத்த நேரம் நம்மகூட நிப்பாரா?" நிற்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். அடுத்த தோலைப் புரட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து உன் காலில் ஏதோ குத்தி, புண்ணில் சுண்ணாம்பு ஏறி, கால் வீங்கியது. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். பிறகு நீ சம்மதித்தபோது விஷம் மேலே ஏறிவிட்டது. உன் மனைவி என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இழுத்துப் போய் அழுதாள். "அண்ணே, சாமியாரக் கூட்டிட்டு வந்து கடைசி அவஸ்தை எண்ணெயப் பூசச் சொல்லுங்கண்ணே. எம்மக இருக்க எடத்துக்காச்சும் அவரு போகட்டும்." உள்ளே வந்தால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்கு நெனவு தப்புனப்புறம் யாரையும் கூட்டிட்டு வந்துராத. சத்தியம் பண்ணு." பண்ணினேன். "சரி, இப்பவாச்சும் ஒரு காரணம் சொல்லு. சொன்னா நம்புறேன்" என்றாய். அந்த ஒரு தடவை நீ கேலி செய்யவில்லை.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து உன் காலைத் துடைத்தேன். "இது கழுவாத காலு, அப்பு. நாறும்" என்றாய். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் உனக்கு நினைவு தப்பியது. கோயில் பத்து நிமிஷ நடைதான். உன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நீ போய்விட்டாய். செபம் இல்லாமல் ஊர்ப் பொது இடுகாட்டில் உன்னைப் புதைத்தோம். அன்றிலிருந்து உன் மனைவி என்னோடு பேசுவதில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. சாமியாரிடமே கேட்டும் தெளியவில்லை. உன் மகளிடம் உன்னை அனுப்பாமல் தடுத்துவிட்டேனோ என்று சில நாள் சோறு இறங்குவதில்லை. சாமியாரைக் கூட்டிவந்திருந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் தோன்றுகிறது.

நீ கேட்ட காரணம் இப்போதும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: என் காலுக்காக ஒருவர் குனிந்ததைப் பார்த்தேன். உன்னைப் பற்றிப் போய்க் கேட்க எனக்கு வேறு இடமும் தெரியாது. ஆண்டவரை விட்டுவிட்டால் உன்னையும் விட்டதாகிவிடும். அதனால் வருஷா வருஷம் பெரிய வியாழன் சாயங்காலம், நீ நின்ற அதே வாசல்படியில் நின்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அவன் காலைக் குடுக்க மாட்டான், ஆண்டவரே. நீங்கதான் குனிஞ்சு எடுத்துக்கணும்."