குதிரைக்குக் கொடுத்த தோள்

நேமத்தான்பட்டி
வைகாசி 3

பூலோகம் போற்றும் புரட்சி நாயகியும், அமைச்சர் முத்துராமனைக் கண்ணசைவில் ஆட்டுவிக்கும் மகாராணியும், சின்ன வயதில் என் சட்டையில் மூக்கைத் துடைத்தவளுமான சந்திரலேகாவுக்கு, தாய்மாமன் மலையாண்டி கும்பிட்டு எழுதுவது.

நலம். நலத்துக்குக் கேடு உன் அதிகாரம்தான். கண்மாய்களை மீட்கப் போராடிய உங்கள் கட்சி கோட்டையைப் பிடித்த நாளிலிருந்து, என் வாசலில் நிற்கும் கூட்டம் திருப்பத்தூரைத் தாண்டி வளைந்து போகிறது. உன் புருஷன் கையெழுத்துப் போடுமுன் உன் முகத்தைப் பார்க்கிறாராம். அதனால் ஊரே என் முகத்தைப் பார்க்கிறது. நேற்று ஒருவர் தன் மாடு சினை பிடிக்க உன்னிடம் சிபாரிசு கேட்டார்.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நாராயண் என்ற உதவியாளர் எடுத்து, நான் யார் என்று என்னையே கேட்கிறார். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். நம் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு நீ வருகிறாய் என்று மேடை போடுகிறார்கள். பாதுகாப்புக்காக இந்த வருஷம் பெண்கள் மண்குதிரை சுமக்கக் கூடாதாம். கயிற்றுக்கு அங்குட்டு நின்று பார்த்தால் போதுமாம். பெண் தோள் பட்டால் சாமிக்கு ஆகாது என்று ஊரே மறித்தபோது, முதல் ஆளாகத் தோள் கொடுத்தவள் நீ. அதற்குப் பிறகுதான் வருஷாவருஷம் மற்றப் பெண்களும் சுமந்தார்கள். தோளில் போட்டுக்கொள்ள உனக்கு என் துண்டைக் கொடுத்த குற்றத்துக்கு, கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டுவதையே நிறுத்தினார்கள். என் தலை அன்றிலிருந்து வெறுமனேதான் இருக்கிறது, அது கிடக்கட்டும். துண்டைத்தான் நீ திருப்பித் தரவில்லை.

மேடை ஏறாதே. அந்தத் துண்டோடு இறங்கி நட. கயிறு தானாக அவிழும்.

மலையாண்டி மாமா


சென்னை
வைகாசி 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க தபாலை மட்டும் நான்தான் பிரிப்பேன். நாராயண் தொடமாட்டார். வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அவர் என்னவென்று கேட்டார், சொல்லவில்லை.

கயிறு கட்டச் சொன்னது நானில்லை மாமா. போலீசும் ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்தது. ஒரு வருஷம்தானே. கண்மாய்ச் சட்டம் நிறைவேற அந்தப் பெரியவர்களின் தயவு இப்போது உங்க மாப்பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது. தினமும் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் இங்கே ஒரு காகிதம் நகர்கிறது. உங்களுக்குப் புரியாததா?

துண்டு பத்திரமாக இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காப் போடுறீகளா?

உங்க சந்திரா


நேமத்தான்பட்டி
வைகாசி 20

சந்திராவுக்கு,

பட்டங்கள் இன்று கைவசம் இல்லை.

வந்தாய். மேடையில் உட்கார்ந்தாய். உன் தயவில் எனக்கு மறுபடி பரிவட்டம் கட்டினார்கள். இமயமலையைத் தலையில் ஏற்றியது போலிருந்தது. அங்கேயே அவிழ்த்துப் பூசாரி கையில் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்கு அடுத்தபடியாகத் தோள் கொடுத்த பொன்னுத்தாயி, கயிற்றுக்கு அங்குட்டு நின்று கூப்பிட்டாள்.

"சந்திரா, நீ குடுத்தேன்னுதானடி நாங்களும் தோளு குடுத்தோம். இங்குட்டு வா."

உன் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாய். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்தாய்.

குதிரைகளெல்லாம் உன் மேடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டன என்று ஊரில் சொல்லிவருகிறேன். அது என் கட்டுக்கதை. பெண்கள் குதிரையைத் தொடாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது கட்டுக்கதை இல்லை.

அடுத்த வருஷம் யார் கயிறு கட்டினாலும் தாண்டுவேன் என்கிறாள் பொன்னுத்தாயி. அவளுக்கு அந்தத் துண்டு வேண்டும். அனுப்பி வை. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

மலையாண்டி மாமா


சென்னை
ஆனி 11

திரு. மலையாண்டி அவர்களுக்கு,

ஐயா, துண்டு தொடர்பாகத் தாங்கள் மேடம் அவர்களுக்கு அனுப்பிய மனு கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கைக்காகக் கைத்தறித் துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
நாராயண்
உதவியாளர்