உன் ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புக் குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்ட் பஸ் டிரைவர் மாமாவும் அவருடைய இருமலும் நலம். நலமில்லாதது நீ விட்டுப்போன ரோஜாச் செடி மட்டும்தான். பதறாதே, முழுக்கப் படித்துவிட்டுப் பதறு.

போன வாரம் நீ, காலைல அம்மா, மத்தியானம் மாடி மாமா, ராத்திரி நீங்கன்னு ஆளாளுக்குக் கூப்பிட்டு சாப்பிட்டியா சாப்பிட்டியான்னா எனக்கு மூச்சு முட்டுதுப்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய் அல்லவா, அன்றிலிருந்து உன் அம்மா போனைப் பார்ப்பதும் என்னை முறைப்பதுமாக இருக்கிறாள். எனக்கும் கோபம்தான். அந்த நேரம் பார்த்து உன் சித்தி வந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியும். உள்ளே வந்ததும் பால்கனியில் மஞ்சளாய் நின்ற ரோஜாவைப் பார்த்து, இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது என்றாள். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அதே நொடியில் உன் அம்மாவும் நான்தான் என்றாள். பேப்பர் வாங்க வந்த மாடி மாமாவும், பாப்பா வெச்ச செடியாச்சே, நான்தாம்மா ஊத்துறேன் என்றார். மற்ற இருவருக்கும் ஞாபகம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். இலை பழுக்கப் பழுக்க தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு குவளை வேறு. மூணு பேரு சேர்ந்து ஒரு செடிய முக்கிக் கொன்னிருக்கீங்களே, இது தொட்டியா கிணறா என்று சித்தி செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேரெல்லாம் கறுத்து, கொழகொழவென்று நாறியது. அதற்குப் பெயர் வேர் அழுகல். நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா மட்டும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நீ அங்கேயும் ஒரு செடி வைக்கப் போகிறாய், வீடியோவில் சொல்கிற வார்த்தை ஒன்றும் புரியவில்லை என்றாயே, சித்தியிடம் திட்டு வாங்கிக் கற்றதைச் சொல்கிறேன். என் ஆபீஸ் மேஜையில் கள்ளிச்செடியே பட்டுப்போனது என்பதை மறந்துவிட்டுப் படி. வடிகால் என்றால் மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற வழி, தொட்டி அடியில் இருக்கிற ஓட்டை. தரை அழுக்காகிறது என்று உன் அம்மா அதைத் துணி வைத்து அடைத்திருந்தாள். மூடாக்கு என்றால் மண் சீக்கிரம் காயாமல் இருக்க மேலே காய்ந்த சருகைப் பரப்புவது. கவாத்து என்றால் காய்ந்த, நோய்பட்ட கிளைகளை வெட்டிவிடுவது, புதுத் துளிர் வருவதற்காக. தலைமுடி வெட்டுகிற மாதிரிதான், ஆனால் என் தலையில் பலிக்காது. கணு என்பது தண்டில் இலை கிளம்புகிற முடிச்சு, துளிர் அங்கேதான் வரும். உன் செடியில் பச்சையாக மிஞ்சியது ஒரே கிளை. சித்தி கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அந்தக் குச்சியைப் புது மண்ணில் நட்டிருக்கிறாள். பிழைத்தால் அது உன் ரோஜா. போகும்போது, மண்ணுல வெரல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க, சும்மா சும்மா பிடுங்கி வேர் வந்துச்சான்னு பாத்தீங்க, தொலைச்சிடுவேன் என்று மூவரையும் மிரட்டிவிட்டுப் போனாள். ரொம்பக் கஷ்டம்டா, சும்மா இருப்பது. குவளையோடு பால்கனி வரை போய், விரலை விட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்று திரும்பி வருகிறேன். எதிரே உன் அம்மா குவளையோடு வருகிறாள்.

அதனால்தான் இந்த வாரம் போன் இல்லை, கடிதம். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்று பேரும் சேர்ந்து ஒரே போன். நடுவில் பேச வேண்டும் போலிருந்தால் நீ கூப்பிடு, எந்நேரமானாலும் எடுப்போம். இன்று காலை குச்சியின் கணுவில் கடுகளவு சிவப்பாக ஏதோ தெரிகிறது. துளிர் என்கிறாள் அம்மா. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

நல்லா இரு கண்ணம்மா, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். செடி வாங்குமுன் தொட்டியைக் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

விரலெல்லாம் மண்ணோடு,
உன் அப்பா

பி.கு. அம்மா பின்னால் நின்று, சாப்பிட்டாயா என்று ஒரே ஒரு தடவை எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.