இலையில் வைத்த சுருட்டு

கார்த்திகை 8, புதன்

தூறல். விறகெல்லாம் ஈரம். அடுப்பு பிடிப்பதற்குள் கண் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெவசம். வாங்க வேண்டியது: வாழை இலை, முருங்கைக்காய், நெத்திலிக் கருவாடு, வெல்லம், கறுப்புச் சுருட்டு ஒன்று. அவர் பிடித்ததுதான் வேண்டும், வேறு கூடாது.

இந்த வருஷம் ஏகாம்பரம் வருகிறானாம். மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குப் பாடம் சொல்லும் என் பிள்ளை. அப்பன் செத்த அன்று சீமையில் படிப்பு. கொள்ளி வைத்தது என் நாத்தனார் மகன் கோதண்டன். அப்புறம் வருஷா வருஷம் படையல் இலையில் சுருட்டைப் பற்றவைத்து வைப்பதும் அவன்தான். பெற்ற மகன் செய்ய வேண்டியது. நாத்தனார் முனியம்மா இதைச் சொல்லிக்காட்டாத கல்யாணம் உண்டா, காதுகுத்து உண்டா? எந்த வீட்டில், யார் முன்னால், என்ன புடவை கட்டிக்கொண்டு சொன்னாள் என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

கார். 10, வெள்ளி

கொஞ்சம் வெயில். பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டைக்குப் போகும் ரோடு முழுக்கச் சேறு. சுருட்டு கிடைத்தது.

"இன்னா ஆயா, புதுசா பழகிக்கினியா?" கடைக்காரர்.

"ஊட்டுக்காரருக்குப்பா." செத்துப்போனதைச் சொல்லவில்லை.

டீக்கடையில் பேச்சு. ஏகாம்பரம் என்று ஒரு டாக்டர் ஜீப்பில் வந்து கம்பெனி ஆட்களை நிறுத்தி, பீடி எவ்வளவு, பொயலை எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறாராம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிக்கிறாராம். சிகரெட் பெட்டி மேலேயே கெடுதல் என்று அச்சடிக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதுகிறாராம். "எழுதி எழுதியே தல நரைச்சிச்சி அந்தாளுக்கு" என்று ஒருவன் சிரித்தான்.

என் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு மாசமாக வந்துகொண்டிருக்கிறானாம். இங்கிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம்?

கார். 12, ஞாயிறு

வந்தான். தனியாக. மருமகளுக்குத் தலைவலி. பொங்கலுக்கும் தலைவலிதான்.

படையல் போட்டேன். முனியம்மா, கோதண்டன், பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். தீப்பெட்டியை ஏகாம்பரம் கையில் கொடுத்தேன். இலையில் இருந்த சுருட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா நாக்குல வந்த புண்ணு இதாலதாம்மா. வுட்டுடுங்கன்னு ஊர் ஊராச் சொல்லிக்கினு, இங்க வந்து நானே பத்தவெக்கட்டுமா?"

"நீ அவருக்கு வெச்ச நெருப்பு ஒண்ணுமில்ல நைனா. இத்தையாவது வையி" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. தீப்பெட்டியைக் கீழே வைத்தான்.

முனியம்மா விடுவாளா. "கொள்ளி வெச்சதே எம் புள்ள. இதுக்கு மட்டும் யோசிப்பானா அண்ணி?" கோதண்டன் கை நீட்டினான்.

"வாணாம். இந்த வருசம் யாரும் பத்தவெக்க வாணாம்."

எப்படி அது என் வாயிலிருந்து வந்தது, தெரியவில்லை. சுருட்டு அப்படியே கிடந்தது. கற்பூரம் மட்டும்.

கருவாட்டுக் குழம்பு ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது பையிலிருந்து டார்ச் எடுத்தான். ஆ காட்டச் சொன்னான். தாடையைப் பிடித்து, கன்னத்தை ஒதுக்கி, நாக்கை நிமிர்த்திப் பார்த்தான். நல்லா இருக்கு என்றான். அவன் கை என் மேல் பட்டு எத்தனை வருஷம். இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

கார். 13, திங்கள்

மழை. நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததே மிச்சம். பேச ஆள் இல்லை.

மத்தியானம் சுருட்டை எடுத்து அடுப்பு நெருப்பில் பற்றவைத்தேன். ஒரு இழுப்பு, இருமல். அவர் போட்டோ முன்னால் வைத்தேன். அவன் சொல்வது சரிதான். அந்த வாய்க்குக் கஞ்சி ஊற்றியவள் நான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் வயலிலிருந்து அவர் வந்து உட்கார்ந்த மாதிரி வாசனை. கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ரோட்டில் ஜீப் சத்தம். ஏகாம்பரம்தான். சுருட்டைச் சொம்புத் தண்ணீரில் போட்டு, முந்தானையால் புகையை விசிறி, வாசலுக்கு ஓடினேன்.

கம்பெனி ஜீப். நிற்காமல் போய்விட்டது.

சுருட்டை எடுத்து அடுப்பு மேட்டில் காய வைத்தேன். பிரிந்து வந்துவிட்டது.