கொம்பு வைத்த தேன்சிட்டு

வியாழன்.

தலைமையாசிரியர் பள்ளித் தோட்டத்தில் தானே போனில் எடுத்த படத்தை, உத்திரமேரூர் கடையில் ஆறடி ஃப்ளெக்ஸாக அடித்துக்கொண்டு வந்தார். "இட்லிப்பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டு. அடையாளம் கண்டவர்: விலங்கியல் ஆசிரியை" என்று போட்டு, அடியில் என் பெயர். நாளை பள்ளி விழாவில் திறக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் நான் வாய் திறப்பதே அரிது. இன்று திறந்தேன்.

"சார், இது பறவை இல்லை. அந்துப்பூச்சி."

"இன்னா மேடம், அலகு நல்லாத் தெரியுதே!"

"மேடம் காலண்டர் தேதியையே ரெண்டு தடவ சரிபாப்பாங்க சார், குருவிய நம்புவாங்களா?" என்றார் தமிழாசிரியை நூர்ஜஹான். எல்லோரும் சிரித்தார்கள்.

அது அலகு இல்லை, உறிஞ்சுகுழல்; தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும், இது அந்தரத்தில் நின்று குடிக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். தேன்சிட்டும் சில நேரம் அப்படி நிற்கும். அப்போதுதான் தலையில் இரண்டு உணர்கொம்புகளைப் பார்த்தேன். போனில் தெரியாதவை ஃப்ளெக்ஸில் விரல் நீளம் இருந்தன.

"குருவிக்குக் கொம்பு உண்டா சார்?"

தலைமையாசிரியர் கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

"தம்பி, அது குருவி இல்லையாம், பூச்சி. இத்தினி நாளா நம்மள ஏமாத்திக்கினு கீது பாரு! எங்க மேடம்தான் கண்டுபுடிச்சாங்க. வேற அடிச்சிக் குடு. அவங்க பேரப் பெருசாப் போடு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.